தொடர்ச்சி 7ஆம் பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, இரண்டு தராசு, ஐஸ் உடைக்கிற மெஷின், ஒரு மேஜை, அவ்வளவுதான். உங்கள் பேப்பர் காலையில் டீக்கடைக்கு வரும், ஏலம் முடித்து வருகிறவர்கள் முதலில் புரட்டுவார்கள், அப்புறம் என் மேஜைக்கு வரும், மத்தியானத்துக்கு மேல் கருவாடு கட்டப் போய்விடும். 20 வருடமாக இதுதான் நடைமுறை, உங்களுக்கு ஒரு வரி எழுதியதில்லை. இப்போது எழுதக் காரணம், சில மாதங்களுக்கு முன் நீங்கள் முதல் பக்கத்தில் போட்ட ஒரு செய்தி கருவாடு கட்டப் போகாமல் ஒரு வீட்டு ரேஷன் கார்டோடு போய் ஒட்டிக்கொண்டது.

எங்கள் தெருவில் பாசிக்குப் போகிற அக்கா ஒருவர் இருக்கிறார். கடலில் முங்கி மரிக்கொழுந்து பாசி பறிக்கிறவர். பாறை கிழிக்கும் என்பதால் விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள். அன்று அந்தத் துணியைக்கூட அவிழ்க்காமல் ஈரச் சேலையோடு கொட்டகை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பாலிதீன் கவர். அதற்குள் ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, நாலாக மடித்த உங்கள் பேப்பர் துண்டு. தலைப்பு கொட்டை எழுத்தில், புற்றுநோயை நம் ரத்தமே அழிக்கும் என்கிற மாதிரி. கார் டி செல் என்கிற புது சிகிச்சையைப் பற்றிய செய்தி. பக்கத்தில் சிரிக்கிற ஒரு சின்னப் பெண்ணின் படம்.

“தம்பி, நம்ம ரத்தத்தையே எடுத்துச் சரிபண்ணித் திருப்பி ஏத்துனா போதுமாமே. கரண்டு வைக்க வேண்டாமாமே. இதுக்கு எங்க போகணும்?”

அக்கா வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். கன்னத்தின் உள்பக்கம், புகையிலை அடக்குகிற அதே இடத்தில், புண் வந்து ஆறவே இல்லை. கடைசியில் மதுரையில் ஆபரேஷன் செய்தார்கள். காயம் ஆறியதும் கரண்டு வைக்க வேண்டும் என்று தேதியும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். (கரண்டு வைப்பது என்று எங்கள் பக்கம் சொல்வது கதிர்வீச்சு சிகிச்சையை. எந்தப் புண்ணியவான் வைத்த பெயரோ, கேட்டதுமே பாதிப் பேர் பயந்துவிடுகிறார்கள்.) அந்தத் தேதி தாண்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. போகவில்லை. ஏன் போகவில்லை என்றால், அதுதான் புது வைத்தியம் வந்துவிட்டதே, பேப்பரிலேயே போட்டுவிட்டார்களே, எதற்கு வாயைப் பொசுக்கிக்கொள்ள வேண்டும் என்று மனுஷன் உட்கார்ந்துவிட்டார்.

நான் அந்தத் துண்டை மூன்று முறை படித்தேன். பொய் என்று ஒரு வரியும் இல்லை. ஐந்தாவது பத்தியோடு முடிந்து, கீழே சின்ன எழுத்தில் ‘தொடர்ச்சி 7ஆம் பக்கம்’ என்று இருந்தது. அக்கா வெட்டி வைத்தது முதல் பக்கத்தை மட்டும்தான். பழைய கட்டில் தேடி 7ஆம் பக்கத்தை எடுத்துப் பார்த்தால், அங்கே, விளம்பரத்துக்கு மேலே, ஒன்பதாவது பத்தியில், இது சில வகை ரத்தப் புற்றுநோய்க்கு மட்டும், அதுவும் மற்ற மருந்துகள் கேட்காதவர்களுக்கு என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். இடம்தான் தப்பு.

இவன் யார் மருத்துவம் பேச என்று நினைக்கலாம். என் தங்கை மகனுக்கு 2021இல், அவனுக்கு எட்டு வயதில், ரத்தப் புற்றுநோய். இரண்டரை வருடம் மருந்து ஓடியது. முதுகில் ஊசி, கையில் ஊசி, அப்புறம் தினசரி மாத்திரை, வாரத்துக்கு ஒரு மாத்திரை. அத்தனை தேதியும் மீன் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. 2023 அக்டோபரில் இந்தியாவிலேயே செய்த கார் டி செல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது என்ற செய்தி வந்ததும் வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்கள் எல்லாரும் அதையே அனுப்பினார்கள், ஒருவர் மும்பைக்கு டிக்கெட் போடவா என்றே கேட்டுவிட்டார். எங்கள் டாக்டரிடம் காட்டினோம். அவர் சிரிக்கவில்லை, நிதானமாகச் சொன்னார்: “சார், இவனுக்கு முதல் மருந்துலயே நோய் கட்டுப்பட்டிருச்சு. இந்த மாத்திரையை ஒரு நாள்கூட விடாமக் கொடுங்க. அது நோய் திரும்பி வந்தவங்களுக்கு. அதுவும் 15 வயசுக்கு மேல இருக்கிறவங்களுக்குத்தான் இப்ப அனுமதி.” பையன் இப்போது ஏழாம் வகுப்பு முடித்துவிட்டான், பந்து விளையாடி ஜன்னலை உடைக்கிறான்.

அப்போதிருந்து இதைப் பற்றி எங்கே வந்தாலும் விடாமல் படிப்பேன். படிக்கப் படிக்க ஆச்சரியம்தான். கார் என்றதும் கொட்டகையில் ஒருவர் டிரைவர் யார் என்று கேட்டார், அவரை விடுங்கள். சைமெரிக் ஆன்டிஜென் ரிசெப்டர் என்கிற மூன்று சொற்களின் முதல் எழுத்துகள் அவை. சைமெரா என்பது கிரேக்கக் கதையில் சிங்கமும் ஆடும் பாம்பும் ஒன்றாகச் சேர்ந்த பிராணி. நமக்கு யாளி என்று வைத்துக்கொள்ளலாம், கோயில் தூணில் சிங்க உடம்பும் யானைத் துதிக்கையுமாக நிற்குமே, அது. டி செல் என்பது வெள்ளை அணுவில் ஒரு வகை, உடம்பின் காவல்காரன். அவன் மேல் விஞ்ஞானிகள் முளைக்க வைக்கிற கொக்கிதான் யாளி. வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பாதி ஆன்டிபாடியிலிருந்து (கிருமியை அடையாளம் கண்டு ஒட்டிக்கொள்கிற ரத்தப் புரதம்) வந்தது, அது ஆளை அடையாளம் பார்க்கும். உள்ளே இருக்கிற பாதி டி செல்லுடையது, ஆள் சிக்கியதும் அடிக்கச் சொல்லும். இயற்கையில் இந்த இரண்டும் ஒட்டியிருப்பதில்லை. இஸ்ரேலில் வைஸ்மன் நிறுவனத்தில் செலிக் எஷ்ஹார் என்பவரும் அவர் குழுவும் 1989இல் ஒட்டிக் காட்டினார்கள். அதற்குப் பிறகு ஒரு மனித உயிரைக் காப்பாற்ற அதற்கு 20 வருடத்துக்கு மேல் ஆனது.

செய்முறையைக் கேட்டால் எங்கள் தொழில் ஞாபகம் வருகிறது. நோயாளியின் ரத்தத்தை ஒரு மெஷின் வழியாகச் சில மணி நேரம் ஓடவிட்டு வெள்ளை அணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு மீதியை உடம்புக்கே திருப்பி விடுவார்கள். பிரித்ததை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே, கேட்டால் நம்ப மாட்டீர்கள், எய்ட்ஸ் கொண்டுவருகிற வைரஸின் இனத்தைச் சேர்ந்த ஒன்றை, பெருகவும் நோய் உண்டாக்கவும் தேவையானதை எல்லாம் பிடுங்கிவிட்டு, வெறும் சுமைதூக்கியாக்கி, கொக்கிக்கான மரபணுவை அதன் முதுகில் ஏற்றி டி செல்லுக்குள் அனுப்புகிறார்கள். அப்புறம் கோடிக்கணக்கில் பெருக்கி, திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, திரும்ப அதே நோயாளிக்கு. நாங்கள் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு நண்டு அனுப்புகிறோம், வழியில் லாரி நின்றால் மறுநாள் ஐஸ் உருகித் தண்ணீராகி நாற்றம் எடுக்கும், பணத்தோடு போச்சு. சிட்டை மாறி ஒருவர் பெட்டி இன்னொருவருக்குப் போனால் ஒரு சண்டையோடு முடியும். அங்கே சிட்டை மாறவே கூடாது. ஒருவருடைய அணு அவருக்கு மட்டும்தான், ஒவ்வொரு பையும் ஒரே ஒரு ஆளுக்காகச் செய்த மருந்து. இது விலை அதிகமாக இருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஏற்றிய பிறகுதான் நிஜமான கண்டம். உங்கள் படத்தில் சிரிக்கிற பெண் எமிலி ஒயிட்ஹெட். அமெரிக்காவில் பிலடெல்பியா குழந்தைகள் மருத்துவமனையில் 2012இல் இந்தச் சிகிச்சை பெற்ற முதல் குழந்தை. இரண்டு முறை நோய் திரும்பி வந்தவள். அணுக்கள் ஏறியதும் அவளுக்குக் காய்ச்சல் கொதித்து, மூச்சு விட முடியாமல் வென்டிலேட்டரில் நினைவில்லாமல் கிடந்தாள். காவல்காரர்கள் ஒரேயடியாகப் பாய்ந்தால் உடம்பு முழுக்கத் தீப்பிடித்த மாதிரி ஆகிவிடுகிறது. ரத்தத்தில் இன்டர்லூகின் 6 என்ற பொருள் தாறுமாறாக ஏறியிருப்பதைப் பார்த்தார்கள். அதை அடக்குகிற மூட்டுவாத மருந்து ஒன்று இருப்பது கார்ல் ஜூன் என்ற விஞ்ஞானிக்குத் தெரிந்திருந்தது, ஏனென்றால் அவர் மகளுக்கே சிறுவயது மூட்டுவாதம். டோசிலிசுமாப் என்ற அந்த மருந்தைக் கொடுத்தார்கள், பிள்ளை தன் ஏழாவது பிறந்தநாளில் கண் விழித்தாள். 10 வருடம் தாண்டியும் நோய் திரும்பவில்லை. இந்தக் கதையில் நீங்கள் போட்டது கடைசி வரியை மட்டும்.

மூளையையும் குழப்பும் என்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறார்கள், கணக்கு எழுதுகிறவனுக்கு அது மனதில் தைத்துவிட்டது: நோயாளியைத் தினமும் ஒரே வாக்கியத்தை எழுதச் சொல்வார்கள். நேற்று நேராக இருந்த எழுத்து இன்று கோணினால், டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள்.

சரி, இது அக்கா வீட்டுக்காரருக்கு ஏன் ஆகாது? அதை அக்காவிடம் சொல்லிப் புரியவைக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. நம் நாட்டில் அனுமதி பெற்ற இந்த மருந்து தேடுகிற அடையாளம் சிடி19 என்று ஒன்று. அது பி செல் என்ற ரத்த அணுக்கள் மேல் இருக்கிறது. கெட்டுப்போன பி செல்லிலும் இருக்கும், நல்ல பி செல்லிலும் இருக்கும். காவல்காரன் வித்தியாசம் பார்க்காமல் இரண்டையும் தீர்த்துவிடுவான். நல்ல பி செல் போனாலும் மனிதன் தாக்குப்பிடிக்க முடியும், தேவைப்பட்டால் எதிர்ப்புச் சக்தி ஊசி போட்டுக்கொள்ளலாம். அதனால்தான் ரத்தத்தில் இது நடக்கிறது. கன்னத்தில் வருகிற புற்றில் இருக்கிற அடையாளங்கள் பெரும்பாலும் நல்ல தோலிலும் மற்ற உறுப்புகளிலும்கூட இருக்கின்றன. அங்கே காவல்காரனை ஏவிவிட்டால் அவன் எதைக் கடிப்பான்? ஒருமுறை அமெரிக்காவில் பெருங்குடல் புற்று பரவிய ஒரு பெண்ணுக்கு ஹெர்2 என்ற அடையாளத்தைத் தேடுகிற அணுக்களை ஏற்றினார்கள். அவருடைய நுரையீரலிலும் அது கொஞ்சம் இருந்திருக்கிறது. ஏற்றிய 15 நிமிடத்திலேயே மூச்சுத்திணறல், ஐந்தாம் நாள் இறந்துவிட்டார். இது போதாதென்று, கட்டி என்பது ரத்தம் மாதிரி இல்லை, உள்ளே நுழைவதே கஷ்டம், நுழைந்த காவல்காரனையும் கட்டியே மயக்கிப் படுக்கவைத்துவிடும். விஞ்ஞானிகள் இந்தச் சிக்கலோடு இன்னமும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒருநாள் வழி பிறக்கலாம், எனக்கு நம்பிக்கை இருக்கிறது. கரண்டுத் தேதி அதுவரை காத்திருக்காது. வாயில் ஆபரேஷன் முடிந்தால் 6 வாரத்துக்குள் கதிர்வீச்சைத் தொடங்கிவிட வேண்டும் என்பார்கள், இவர் வீட்டில் உட்கார்ந்தே மூன்றைத் தின்றுவிட்டார்.

அக்கா கடைசியாகக் கேட்டது பணம். “அட்டையில ஆகுமா தம்பி?” முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம். ஐஐடி பம்பாயும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19தான் நான் சொன்ன இந்திய மருந்து, 2024 ஏப்ரல் 4ஆம் தேதி குடியரசுத் தலைவர் தொடங்கி வைத்தது, அதற்கு ஏறத்தாழ 40 லட்சம். அமெரிக்காவில் 2017இல் முதல் மருந்து வந்தபோது விலை 4,75,000 டாலர், அன்றைய கணக்கில் 3 கோடி, அதோடு பார்த்தால் நம்மவர்கள் செய்தது பெரிய சாதனைதான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 2025இல் லான்செட் ஹெமட்டாலஜி இதழில் வந்த முடிவின்படி, வேறு மருந்து கேட்காத நோயாளிகளில் சுமார் 73 சதவீதம் பேருக்கு இதில் பலன் தெரிந்திருக்கிறது. வேறு வழியே இல்லாதவர்களில் நாலில் மூன்று பேர் என்றால் சும்மாவா? ஆனால் 5 லட்ச அட்டையை வைத்துக்கொண்டு 40 லட்சத்தைப் பார்க்கிற வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்கா மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார், வல்லத்தில் (நாட்டுப் படகில்) இருக்கிற பங்கு, தோடு, அம்மா வீட்டில் வர வேண்டிய இடம். வைத்தியம் இந்த நோய்க்கே இல்லை என்று நான் சொல்லி முடிப்பதற்குள் முக்கால்வாசி விற்றுவிட்டார்.

வேலூர் சிஎம்சியில் மருத்துவமனைக்குள்ளேயே இந்த அணுக்களைத் தயாரித்துக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஊர் ஊராக அனுப்பி வாங்குகிற செலவு மிச்சம். இப்படி வந்தால் விலை இன்னும் இறங்கும். மும்பையையும் அமெரிக்காவையும் எழுதுகிற நீங்கள் இதை ஒரு முழுப் பக்கம் எழுதலாமே. நோய் திரும்பி வந்த ஒரு இளைஞன் சாயல்குடியிலோ தொண்டியிலோ இருந்தால் அவனுக்கு அட்டை எவ்வளவு தாங்கும், மீதிக்கு எங்கே மனு எழுத வேண்டும், எந்த ஆஸ்பத்திரியில் யாரைக் கேட்க வேண்டும் என்று விசாரித்துப் போடலாமே. அதை அரசாங்கத்திடம் கேட்கிற வேலையும் உங்களுடையதுதான், என் ஏலக் கொட்டகையிலிருந்து கேட்டால் யார் காதில் விழும்?

நான் கேட்க வந்தது சின்ன விஷயம். இந்த மாதிரிச் செய்தி போடாதீர்கள் என்று சொல்லவில்லை, தாராளமாகப் போடுங்கள், படத்தோடு போடுங்கள். எந்தப் புற்றுநோய்க்கு என்பதை மட்டும் தலைப்பிலேயே போட்டுவிடுங்கள், இடமில்லை என்றால் முதல் வரியில். எலிக்குக் கொடுத்துப் பார்த்ததா மனிதருக்குக் கொடுத்ததா என்பதையும் அங்கேயே சொல்லுங்கள். போன வருடம் எலியில் வெற்றி என்று ஒன்று வந்து, எங்கள் டீக்கடையில் இரண்டு நாள் அதே பேச்சு, எலி என்ற சொல் கடைசிப் பத்தியில் இருந்தது. அப்புறம், நடக்கிற வைத்தியத்தை நிறுத்தாதீர்கள், உங்கள் டாக்டரைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள் என்று ஒரு வரி, அதே முதல் பக்கத்தில். மழை வரும் என்றால் எந்த மாவட்டத்துக்கு என்று தலைப்பிலேயே போடுகிறீர்கள். தங்கம் ஏறினால் பவுனுக்கு எவ்வளவு என்று தலைப்பிலேயே போடுகிறீர்கள். இதற்கு மட்டும் ஏன் 7ஆம் பக்கம்?

பட்டணத்தில் இருப்பவர்கள் செல்போனில் முழுதாகத் தேடிப் படித்துக்கொள்வார்கள் என்று நீங்கள் சொல்லலாம். இங்கே பேப்பரை வெட்டி வைக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. தடைக்கால நிவாரண அறிவிப்பு, இலங்கைச் சிறையில் இருப்பவர்கள் பெயர்ப்பட்டியல், பள்ளி முடிவு, எல்லாம் வெட்டித்தான் வைப்பார்கள். அச்சில் வந்ததற்கு ஒரு மரியாதை இருக்கிறது. அந்த மரியாதையை நம்பித்தான் ஒரு மனுஷன் மூன்று வாரம் மதுரை பஸ் ஏறாமல் இருந்தார்.

இன்னொன்று, சம்பந்தம் இல்லாததுதான், சொல்லிவிடுகிறேன். அந்த அக்கா பறிக்கிற மரிக்கொழுந்து பாசியிலிருந்துதான் அகார் எடுக்கிறார்கள். ஆய்வகங்களில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கிற தட்டுகளில் ஊற்றுவது அதைத்தான். விஞ்ஞானத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அடுத்த திங்கட்கிழமையே அவரை நானே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். இங்கிருந்து மதுரை 150 கிலோமீட்டர் இருக்கும், தினமும் போய்வர முடியாது, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். டாக்டர் திட்டினார், திட்டிவிட்டு அன்றைக்கே, கரண்டு வைக்கும்போது முகம் அசையாமல் இருக்க, மூஞ்சிக்கு அச்சு எடுத்தார். மொத்தம் 30 தடவை, வாரத்துக்கு ஐந்து. வாயெல்லாம் புண், கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை என்று அக்கா போனில் சொல்கிறார். பேப்பர் துண்டைத் திருப்பிக் கேட்டார், அந்தப் பிள்ளை சிரிக்கிற படம் நன்றாக இருக்கிறதாம். 7ஆம் பக்கத்தையும் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நேற்றோடு 22 முடிந்தது.

இப்படிக்கு,
மண்டபத்திலிருந்து உங்கள் வாசகன்